பழுதும் வட்டி போடும்: திடீர் கார் செலவுக்கு எந்த வழி தேவலை?

மெக்கானிக் போனில் ஒரு தொகையைச் சொல்கிறார். நாம் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. "சரி, யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுகிறோம். அந்த யோசனை பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும். பணத்தை எங்கே புரட்டுவது? கார்டில் தேய்ப்பதா, யாரிடமாவது கைமாற்று கேட்பதா, இருக்கிற கொஞ்சநஞ்ச சேமிப்பை உடைப்பதா, இல்லை வண்டியையே தள்ளிவிடுவதா?

மாதக் கடைசியில் சில்லறை எண்ணுகிற நிலையில் பழைய வண்டி ஒன்றை வைத்து ஓட்டுகிறவன் நான். இந்தப் போன் எனக்குப் பழகிப்போனது. ஒவ்வொரு முறையும் பணத்தைப் பற்றிய கேள்விக்கே முதலில் ஓடி, சூடுபட்டு, இப்போது வரிசையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பழுது எத்தனை நாள் பொறுக்கும் என்று முதலில் கேட்கிறேன். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் எந்தக் கடன் மலிவு என்ற பேச்சு.

ஏனென்றால் கடனுக்கு மட்டுமா வட்டி? செய்யாமல் விட்ட பழுதுக்கும் வட்டி ஏறுகிறது. கடன் வட்டியாவது காகிதத்தில் எழுதியிருக்கும். பழுதின் வட்டியை யாரும் எழுதித் தருவதில்லை. சில பழுதுகள் வட்டியில்லாக் கடன் மாதிரி, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சில பழுதுகள் கந்துவட்டி. ஒரு வாரத்தில் முதலுக்கே மோசம் வந்துவிடும். எந்த வழியில் செலவைச் சமாளிப்பது என்ற ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு வட்டிகளுக்கும் இடையில்தான்.

என் சொந்தக் கதை ஒன்று. புது பிரேக் பேடில் தேயும் பகுதி ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றச் சொல்வார்கள். பல பேடுகளில் ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். காது கேட்கிறவர்களுக்கான எச்சரிக்கை அது. நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஓடியது. பிறகு இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கில் கோடு விழுந்து, பேடோடு போயிருக்க வேண்டியது டிஸ்க்கையும் சேர்த்து மூன்று மடங்காகக் கையைக் கடித்தது. எந்த வங்கியும் இரண்டு மாதத்துக்கு 200 சதவீதம் வட்டி கேட்டிருக்காது. இடையில் யாரும் குறுக்கே ஓடி வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். அது கணக்கில் சேராது.

எது பொறுக்கும், எது பொறுக்காது

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. எண்ணெய்க் குடுவை போன்ற விளக்கு எரிவது ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது என்ற செய்தி. அதோடு ஓட்டினால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் சீஸ் ஆகலாம், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடலாம். வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டாலும் அதே கதை. ரேடியேட்டர் குழாயில் ஒரு சிறு வெடிப்புதான் காரணமாக இருக்கும், குழாய் மலிவு. "வீடு பக்கம்தானே, மெதுவாகப் போய்விடலாம்" என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், குழாய்ச் செலவு இன்ஜின் செலவாகிவிடும். அந்த நேரத்தில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆகும் செலவுதான் உங்கள் கையில் இருக்கும் மிக மலிவான வழி. நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பாயும்.

மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு கொஞ்சம் இரக்கமுள்ளது. நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் பார்த்துக்கொள்ளலாம். மின்னி மின்னி எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அது வினையூக்கி மாற்றியை, அதாவது கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். பெயரைக் கேட்டாலே விலை தெரியும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் ஒரு இக்னிஷன் காயில் செலவை மிச்சம் பிடிக்கப் போய் அதை இழப்பது என்ன கணக்கு?

டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனையும் வால்வையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பட்டை, ஒரு தனி ரகம். இது வலிக்காது, கீச்சிடாது, பெரும்பாலும் முன்னறிவிப்பே தராது. பல தயாரிப்பாளர்கள் 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி ஒரு கெடு வைக்கிறார்கள். வண்டிக்கு வண்டி இது மாறும், கூடவே வருடக் கணக்கும் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான் வேதவாக்கு. இன்றைய இன்ஜின்களில் பலவற்றில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதி வால்வு வளையும். அறுகிற வரை வட்டி பூஜ்யம், அறுந்த நொடியில் மொத்தக் கடனும் தலையில். கெடு தாண்டிய பெல்ட்டுக்காகக் கடன் வாங்குவதை நான் தயங்காமல் ஆதரிப்பேன். டைமிங் செயின் உள்ள வண்டி என்றால் இந்தக் கவலை பெருமளவு இல்லை.

ஸ்டீயரிங், பால் ஜாயிண்ட், பிரேக், டயர் ஆகியவற்றை நான் பணக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பல நாடுகளில் டயரின் சட்டப்பூர்வமான குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர். ஈரச் சாலையில் அதற்கு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். பணமில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் சாவகாசமானவை: ஏசி, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், நெளிசல், கீறல், ஒலிபெருக்கி. ஆயில் லேசாகக் கசிகிறதா? வாரம் ஒரு முறை அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்து, குறைந்தால் ஊற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டலாம். கிளட்ச் நழுவத் தொடங்கினால் சில வாரம் தரும். மேடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது, அப்போதே பணம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும். ஏசியில் மட்டும் ஒரு விதிவிலக்கு. கம்ப்ரஸர் பக்கம் பேரிங் இரைகிறது என்றால் அலட்சியம் கூடாது. பல வண்டிகளில் கம்ப்ரஸரைச் சுற்றும் வெளிப் பெல்ட்தான் (இது டைமிங் பெல்ட் அல்ல) பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. கம்ப்ரஸர் இறுகி பெல்ட் அறுந்தால் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும்.

இதெல்லாம் நமக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி போதும்: "இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? எப்போது ஆகும்?" நேர்மையானவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிடுவார். "எப்ப வேணா ஆகலாம் சார்" என்று மட்டும் சொல்கிறவரிடம், எந்த பாகம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்கலாம்.

கடன் வாங்குவதற்கு முன் தொகையைக் குறைப்பது

100 கடன் வாங்குவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், அது 100 தானா என்று பார்த்துவிட வேண்டும். கணக்குக்கு வசதியாக இனிமேல் எல்லாத் தொகையையும் 100-ஐ வைத்தே சொல்கிறேன். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான்.

முதலில் இலவசமாக எது கிடைக்கும் என்று பாருங்கள். தயாரிப்பாளர் திரும்பப் பெறும் அறிவிப்பு, அதாவது ரீகால், உங்கள் மாடலுக்கு இருக்கலாம். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் இணையதளத்திலோ சேவை மையத்திலோ தெரிந்துவிடும். பாதுகாப்பு ரீகால் என்றால் பொதுவாகக் கட்டணமே கிடையாது. வாரண்டி சமீபத்தில்தான் முடிந்தது, சர்வீஸ் ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றால் நல்லெண்ண அடிப்படையில் ஒரு பங்கை ஏற்பீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் காசா போகிறது? இன்சூரன்ஸைப் பற்றி ஒரு வரி போதும்: சாதாரண பாலிசி விபத்துக்கானது, தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் தராது. சிறு உரசலுக்கு க்ளைம் செய்தால் நாம் கட்ட வேண்டிய பங்கையும் அடுத்த வருடம் இழக்கும் போனஸையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது, நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்களா என்பது. ஸ்கேனரைச் செருகியதும் ஒரு குறியீடு வரும். குறியீடு சொல்வது அறிகுறியை, கெட்டுப்போன பாகத்தை அது நேரடியாகச் சொல்வதில்லை. பி0420 என்று வந்தால் "கன்வர்ட்டர் போச்சு" என்று விலையுயர்ந்த பில் போடுகிறவர்கள் உண்டு. புகைக்குழாயில் ஒரு கசிவோ, ஆக்சிஜன் சென்சார் கோளாறோகூட அதே குறியீட்டைத் தரலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதன் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் குற்றவாளி காயில்தான். ஐந்து நிமிட வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பிளக், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது உங்கள் பணத்தில் அவர் பாடம் படிப்பது. பேட்டரி விஷயத்திலும் அப்படித்தான். வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. ஓடும்போதும் 12-லேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை, ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். சோதிக்கத் தனிக் கட்டணம் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஊகத்துக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள், பாகத்தின் விலை தனி, கூலி தனி. பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் எதைக் குறைக்கலாம் என்று தெரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, கார் வேலையில் அது பல நேரம் அப்படியே நடக்கும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கியபின், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது மிகச் சிறிய கூடுதல் செலவு. இப்போது வேண்டாம் என்று விட்டு, ஆறு மாதம் கழித்து அந்தப் பேரிங் போனால் முழுக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும். டைமிங் பெல்ட்டும், அதனால் சுற்றும் வாட்டர் பம்பும் இதே மாதிரி ஜோடி. ஆக, "இதையும் சேர்த்துப் பண்ணிடலாமே" என்ற பேச்சு எப்போதும் ஏமாற்று வேலையாகிவிடாது. ஒரே கூலியில் முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். முடியாது என்றால் அது அடுத்த மாத வேலை.

பாகத்தில் நான்கு வழி. கம்பெனி முத்திரையோடு வருவது, அதே பாகத்தைச் செய்து கம்பெனிக்குக் கொடுக்கும் தயாரிப்பாளர் தன் பெயரில் விற்பது, வெளி நிறுவனத் தயாரிப்பு, அப்புறம் பழையது. இரண்டாவது வழிதான் என் கட்சி. தரம் பெரும்பாலும் அதேதான், பெட்டிக்குக் கொடுக்கும் விலை மிச்சம். ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ரீகண்டிஷன் செய்தது வாரண்டியோடு கிடைத்தால் வாங்கலாம். கதவு, கண்ணாடி, விளக்கு, ஜன்னல் மோட்டார், இருக்கை என்றால் கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்ததில் ஒரு குறையுமில்லை. பிரேக் பாகம், பெல்ட், ரப்பர் குழாய், ஏர்பேக் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பழைய டயர் யாராவது தள்ளிவிடப் பார்த்தால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழமாகியிருக்கும்.

நாமே செய்துகொள்வதும் ஒரு வழிதான், எல்லை தெரிந்தால். ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி முனையைச் சுத்தம் செய்வது இவற்றுக்குக் கூலி கொடுப்பது வீண். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது, மஞ்சள் நிற ஏர்பேக் வயரைத் தொடுவது, ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு வயரில் கை வைப்பது மூன்றும் நம் வேலை இல்லை.

சரி, இப்போது பணம்

கைச் சேமிப்புதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. சேமிப்பு முழுவதையும் துடைத்து வண்டிக்குப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மருந்துக்கோ வாடகைக்கோ அதிக வட்டியில் கடன் வாங்கினால், அந்த வட்டி உண்மையில் வண்டியின் வட்டிதான். அதனால் பொறுக்காத வேலைக்கு மட்டும் சேமிப்பு, அதுவும் ஒரு மாத அத்தியாவசியச் செலவை ஒதுக்கி வைத்த பிறகு.

அடுத்து நான் கேட்கும் இடம் ஒர்க்‌ஷாப்பே. தெரிந்த இடமாக இருந்தால் பாகத்தின் விலையை இப்போது வாங்கிக்கொண்டு, கூலியை இரண்டு மூன்று மாதத்தில் வாங்கிக்கொள்ளப் பலர் சம்மதிப்பார்கள். பாகத்துக்கு அவர் கையிலிருந்து பணம் போக வேண்டும், கூலி அவருடைய சொந்த உழைப்பு; அதனால் அதில்தான் அவருக்கு வளைந்து கொடுக்க இடமுண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். முடித்த பிறகு பேசினால் பணம் வரும் வரை சாவி அவரிடம்தான் இருக்கும், பல இடங்களில் சட்டமும் அவர் பக்கம்.

கைமாற்று வட்டியில்லாதது. ஆனால் வேறு விதத்தில் விலை உண்டு, அதை ஒவ்வொருவரும் அறிவோம். தேதியையும் தொகையையும் ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிட்டால் அந்த விலை பெருமளவு குறைகிறது. "முடிந்தபோது தருகிறேன்" என்ற வாக்கியம்தான் உறவைக் கெடுக்கும்.

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் வருகிறதே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 100 பில்லை மூன்று மாதம் சமமாகக் கட்ட வேண்டும், செயல்முறைக் கட்டணம் 3 முதலிலேயே. மூன்று என்பது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். முழுப் பணமும் மூன்று மாதம் நம்மிடம் இருப்பதில்லை, மாதா மாதம் மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 18 சதவீத வட்டிக்குச் சமம். மோசமில்லை, ஆனால் இலவசமும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளுபடியை இழப்பதும் வட்டிதான்.

தனிநபர் கடனில் "வருடம் 12 சதவீதம் ஃபிளாட்" என்று யாராவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். 100 வாங்கி 12 மாதத் தவணையில் 112 கட்டுகிறீர்கள். அசல் மாதா மாதம் குறைந்துகொண்டே போகிறது, வட்டியை மட்டும் முழு 100-க்கும் போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21.5 சதவீதம். இன்னொரு இடத்தில் "18 சதவீதம், குறையும் அசலில்" என்றால் அதுதான் மலிவு. எண்ணில் பெரியது விலையில் சிறியதாக இருக்கும் வேடிக்கை இங்கே நடக்கும். குழப்பமாக இருந்தால் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன், எத்தனை மாதத்தில் என்று மட்டும் கேட்டு, அதே கெடுவில் மற்றதோடு ஒப்பிடுங்கள்.

கிரெடிட் கார்டு இரண்டு முகம் கொண்டது. பில் தேதிக்குள் முழுவதும் கட்ட முடியும் என்றால் அதைவிட நல்ல கடன் கிடையாது. சில வாரம் இலவசம். முடியாவிட்டால்? மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சின்னதுதான், கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டுவதுதான் பெரிய குழி. அது நிலுவையில் 5 சதவீதம் என்று கொண்டால், 100 கடனுக்கு ஒரு வருடம் தவறாமல் கட்டி 55 கொடுத்திருப்பீர்கள். கடன் இன்னும் 77 நிற்கும். அதே கார்டில், அதே வட்டியில், ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று மாதம் 18.5 வீதம் கட்டினால் மொத்தம் 111-இல் தீர்ந்துவிடும். கார்டா வேறு வழியா என்று பார்ப்பதைவிட, எத்தனை மாதத்தில் முடிப்பேன் என்பதுதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. கார்டிலிருந்து ரொக்கமாக எடுப்பது வேறு கதை. சலுகை நாட்கள் கிடையாது, எடுத்த நாளிலிருந்து வட்டி, மேலே கட்டணம்.

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களைப் பற்றி: 100 கேட்டால் 10 பிடித்துக்கொண்டு 90 தந்து, 30 நாளில் 100 கேட்கும் வகை இருக்கிறது. மாதத்துக்கு 11 சதவீதம். நான் வண்டியைப் போர்வை போட்டு மூடி வைத்துவிட்டு நடப்பேன்.

நடப்பதும் ஒரு வழிதான், அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். வண்டியை ஆறு வாரம் நிறுத்திவிட்டுப் பொதுப் போக்குவரத்தில் போனால் ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு, மிச்சமாகும் எரிபொருள் எவ்வளவு? அந்த ஆறு வாரத்தில் பணம் சேர்ந்துவிடும் என்றால் வட்டியே இல்லாமல் முடிந்தது. வேலைக்கே வண்டிதான் ஆதாரம் என்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு நின்ற ஒவ்வொரு நாளும் இழந்த கூலி, அதற்கு முன்னால் 18 சதவீத வட்டி தூசு. நிறுத்தி வைப்பதென்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள், டயரில் காற்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பணம் சேர்ந்த நாளில் பேட்டரி இறந்திருக்கும்.

விற்றுவிடலாமா

வண்டியின் மதிப்பில் பாதிக்கு மேல் செலவு வந்தால் விற்றுவிடு என்று ஒரு கணக்கு வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடும் நிலையில் வண்டிக்கு 60 கிடைக்கும், பழுதோடு விற்றால் 30, பழுது செலவு 40 என்று வையுங்கள். அந்தக் கணக்குப்படி விற்க வேண்டும். சரி, விற்றாயிற்று. கையில் 30, செலவழிக்க இருந்த 40-ஐயும் சேர்த்தால் 70. அந்த 70-க்குக் கிடைப்பது இன்னொருவர் கழித்துவிட்ட வண்டி. அதன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, கிளட்ச் எவ்வளவு பாக்கி, ஒன்றும் தெரியாது. பெயர் மாற்றும் செலவு வேறு. உங்கள் வண்டியின் குற்றங்கள் உங்களுக்குத் தெரியும்; தெரிந்த குற்றத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதனால் வண்டியின் விலையோடு ஒப்பிடாமல், அடுத்த 12 மாதத்துக்கு இந்த வண்டி என்ன கேட்கும், மாற்று வண்டி என்ன கேட்கும் என்று ஒப்பிடுவதுதான் பொருத்தம்.

எப்போது விற்பேன்? அடிச்சட்டத்தில் துரு தின்றிருந்தால். ஒரே வருடத்தில் மூன்றாவது பெரிய செலவு வந்து, மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால். அப்போது தயங்க மாட்டேன். "போன மாதம்தான் புது கிளட்ச் போட்டேனே" என்ற புலம்பல் உதவாது, போன பணம் போனதுதான். (கிளட்ச் செலவு இனி கொஞ்ச நாளைக்கு வராது என்பது மட்டும் அடுத்த 12 மாதக் கணக்கில் நல்ல பக்கம் சேரும்.) விற்கும் முன் எதைச் சரிசெய்வது என்றால், ஓடாத வண்டியை ஓட வைக்கும் சிறு வேலையை மட்டும். ஓடாத வண்டியை வாங்க வருகிறவர் எடைக்கு விலை பேசுவார். பெயிண்டுக்கும் நெளிசலுக்கும் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது.

போன மாதம் ஒரு நண்பர் தன் எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மொத்தம் 100: டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 40, முன் பிரேக் பேடு 20, ஏசி கம்ப்ரஸர் 30, கதவுப் பூட்டு 10. கையில் ஒதுக்கக்கூடியது 35. கார்டில் 65 தேய்த்துவிடலாமா என்று கேட்டார். வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். பேடு இன்றே. பெல்ட் கெடு தாண்டி ஒரு வருடம் ஆகியிருந்தது, அதுவும் இன்றே. இரண்டும் 60, குறைவது 25. அதை ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு மாதத்தில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார், வட்டியில்லாமல். பூட்டு கழித்துக்கட்டிய ஒரு வண்டியிலிருந்து 3-க்குக் கிடைத்தது, அவரே மாட்டிக்கொண்டார். கம்ப்ரஸரில் பேரிங் சத்தமில்லை, கேஸ்தான் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டோம். இப்போது ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார்.